மீதியைக் கேட்க உட்கார்ந்தவள்

காது மந்தமாகிவிட்டால் வீட்டில் மரியாதை கூடிவிடும். என் வயதுக்காரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காது நன்றாக இருந்த காலத்தில் என் மகன் அடுத்த அறையிலிருந்தே கத்துவான். இப்போது எழுந்து வருகிறான், தோளைத் தொடுகிறான், முகத்துக்கு நேராக நின்று பேசுகிறான். இதைப் போய் யாராவது கெடுத்துக்கொள்வார்களா?

சென்னையில் இருக்கும் மகள் ஆடி மாதம் வந்தபோது காது மிஷின் ஒன்று வாங்கி வந்தாள். வேர்க்கடலைப் பருப்பு மாதிரி இத்தனூண்டு. அதற்கு ஒரு மோதிரப் பெட்டி. காதோரம் குனிந்து சொன்னாள்.

"ஒரு நாளைக்குப் போட்டுப் பாரும்மா. புடிக்கலன்னா கழட்டிடு."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் வாய் சின்னதாப் போச்சு."

"கேஸ் சிலிண்டர் போட வந்தவன் கதவை இடிச்சி இடிச்சிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டானாமே?"

"கை வலிச்சிருக்கும், போயிருப்பான்."

மகள் பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். கிழவிக்குத் திமிர் என்று நினைத்திருப்பாள். திமிரும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு பெட்டி ஞாபகம் வந்துவிடும். அது தீப்பெட்டியைவிடப் பெரியது, சாம்பல் நிறம், ஓரத்தில் திருகுகிற சின்னச் சக்கரம். அதிலிருந்து ஒரு ஒயர் போகும். அந்த ஒயரை நினைத்தால் இப்போதும் என் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்க்கும்.

அப்போது நாங்கள் அண்ணாமலையார் கோயில் பேய்க்கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். புழக்கடைக் கதவைத் திறந்தால் மலைதான், வேறு எதுவும் தெரியாது. அப்பா மெட்ராஸ் பஸ்ஸில் கண்டக்டர். அம்மாவும் நானும். அப்புறம் பெரியம்மா, அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. பிள்ளை இல்லை. புருஷன் செத்த வருஷமே ஒரு காய்ச்சலில் படுத்தாள், எழுந்தபோது காது இரண்டும் போயிருந்தது. எங்களோடு வந்துவிட்டாள்.

கோயிலில் சண்டிகேசுவரருக்கு முன்னால் கையைத் தட்டுவோம் இல்லையா, அதே மாதிரி தெருப் பிள்ளைகள் பெரியம்மாவுக்கு முன்னால் நின்று தட்டிவிட்டு ஓடும். அவள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள், சத்தம் எங்கே கேட்டது? ஆனால் தட்டுகிற கையின் காற்று முகத்தில் பட்டால் சிரிப்பாள். பேச்சு நன்றாக வரும். என்ன, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "உப்பு கம்மி" என்று அவள் சொன்னால் கோடித் தெருவில் ஒருத்தி எங்கள் குழம்புக்கு உப்பு எடுத்து வருவாள்.

மத்தியான வேளையில் பெரியம்மா புழக்கடையில் கொய்யா மரத்தடியில் முறத்தோடு உட்காருவாள். அவள் புடைத்த அரிசியில் கல்லே இருக்காது. அதனால் சந்துப் பெண்கள் ஆளுக்கொரு படி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அரிசி வெறும் சாக்குதான். எதிரே ஒரு பலகை கிடக்கும். வந்தவள் அதில் உட்கார்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பிப்பாள். பிரதோஷத்துக்கு நந்தி காதில் குறை சொல்வோமே, அப்படியேதான். மாமியார், புருஷன், நாத்தனார், வயிற்றில் தங்காத பிள்ளை, எல்லாவற்றையும் அந்த முறத்துக்கு முன்னால் கொட்டிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போவார்கள். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பேன். வாய் அசைவதும் உமி பறப்பதும்தான் தெரியும்.

தண்ணீர்க் குழாயில் ஒருத்தியிடம் இன்னொருத்தி கேட்பாள். "எங்கடி போயிட்டு வர்றே, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?"

"நந்தி காதுல சொல்லிட்டு வரேங்க்கா."

எந்தக் கோயில் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்த பிறகு அப்பா அந்தச் சாம்பல் பெட்டியைக் கொண்டுவந்தார். மெட்ராஸில் யாரோ காது டாக்டர், பஸ்ஸில் பழக்கமானவர். அவரைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சட்டையைக் கூடக் கழற்றாமல் அதை வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மா பார்த்தாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

அம்மா கெஞ்சினாள். கையைக் காலைக் காட்டி, காதைக் காட்டி, சாமி படத்தைக் காட்டிச் சைகையிலேயே ஒரு பாட்டம் அழுதாள். அசையவில்லை. அப்புறம் என்னைத்தான் விட்டார்கள். பெரியம்மாவுக்கு நான் செல்லம். தினமும் தலை வாரிக்கொள்ளப் போகும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போய் அவள் மடியில் வைப்பேன். அவள் சீப்பை எடுப்பாள், பெட்டியை என் மடியில் திருப்பி வைப்பாள். நான் வாயை மெதுவாக அசைத்து, "நான் பாடறது உனக்குக் கேக்க வேணாமா?" என்று கேட்டேன். என் தொண்டையில் கை வைத்து, "பாடு" என்றாள். பாடினேன். "நல்லாப் பாடறே" என்றாள். அவ்வளவுதான்.

ஒருநாள் அவளே சொன்னாள். வழக்கமான அந்தப் பெரிய குரலில். "வந்து உக்காருதுங்க, வாய் அசையுது, கண்ணு கலங்குது. எழுந்து போறப்ப மூஞ்சி தெளிஞ்சிடுது. இதுக்கு மேல கேட்டு நான் இன்னாத்தடி பண்ணப்போறேன்?"

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை. நல்ல நிறம், கையில் எப்போதும் மருதாணி. அவள் தெருவில் நின்று பேசி யாரும் பார்த்ததில்லை. மாமியார் கோயிலுக்குப் போகிற மத்தியானம் பார்த்து அரிசியோடு எங்கள் புழக்கடைக்கு வருவாள். மற்றவர்கள் அழுவார்கள், அவள் அழ மாட்டாள். பலகையில் குந்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசுவாள். அந்தக் கார்த்திகை பிறந்த சமயம் தினமும் வந்தாள். ஒரு தடவை அவள் கொண்டுவந்த அரிசி ஏற்கெனவே புடைத்து, கழுவிக் காயவைத்த அரிசி. பெரியம்மா அதையே திரும்பவும் புடைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் என் தலையைப் பின்னிக்கொண்டே பெரியம்மா, "அந்தப் பொண்ணு மூஞ்சி தெளியல" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். "உக்காரும்போது எப்பிடி இருக்குதோ, எழுந்து போறப்பவும் அப்பிடியே போவுது." ரிப்பனை முடிந்தாள். "அந்தப் பெட்டிய எடுத்தாடி."

அவளுக்கு மிஷின் மாட்டிய காலைப்பொழுது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. அப்பா சக்கரத்தைத் திருகினார். பெரியம்மா முதலில் என் கையைத்தான் பார்த்தாள், என் வளையல் சத்தம். பிறகு கூரையைப் பார்த்தாள், காக்கா. "இன்னா இது, இவ்ளோ எரைச்சலாவா இருக்கீங்க எல்லாரும்?" என்று கேட்டவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தன் குரலைக் கேட்டுவிட்டாள். இத்தனை வருஷமாக இப்படியா கத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்திருப்பாள் பாவம். அன்று முழுக்க அவள் பேசவில்லை. நாங்கள் சிரித்தோம். அப்பா ரொம்பச் சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் பெட்டியை ரவிக்கைக்குள் செருகி, ஒயரை முதுகுப் பக்கமாக விட்டு, காதை முடியால் மூடி, அதன் மேல் முக்காடும் போட்டுக்கொண்டு புழக்கடையில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. மலை கழுவி வைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. நான் ஜன்னலில் நின்றேன். அம்மா உள்ளே கார்த்திகைப் பொரிக்கு வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் அந்த வாசனை.

எதிர்வீட்டு அக்கா வந்தாள், உட்கார்ந்தாள், பேச ஆரம்பித்தாள். பெரியம்மா முறத்தைத் தூக்கவே இல்லை. அரிசியில் விரலை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். இத்தனை நாளும் புடைக்கிற சத்தத்தில் பேசியவளுக்கு அன்றைக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டிருக்கும். பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். பெரியம்மா பதறிப்போய் முறத்தைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினாள். முக்காடு நழுவியது. ஒயர் தோளிலிருந்து முன்னால் விழுந்தது.

அந்த அக்கா கையை நீட்டி ஒயரை ஒரு விரலால் தொட்டாள். சுடுகிற பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். எழுந்தாள்.

"போவாதம்மா. மீதியும் சொல்லிட்டுப் போ" என்றாள் பெரியம்மா. பதற்றத்தில் பழைய குரல் வந்துவிட்டது. சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அந்த அக்கா அரிசியைக்கூட எடுக்கவில்லை. புழக்கடைக் கதவு திறந்து கிடந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வைத்த பிறகு அப்பா வேலையிலிருந்து வந்தார். பெரியம்மா அவரையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னாள். மெதுவாகப் பேசப் பழகாத குரல், ஏறி ஏறி இறங்கியது. "அந்தப் பொண்ணு 'தீபத்தன்னிக்கு நான்'னு ஆரம்பிச்சா. அதோட நிறுத்திட்டா. யாராவது போயி இன்னான்னு கேளுங்க."

அப்பா தொடையைத் தட்டினார். "பாத்தியா! வார்த்தை வார்த்தையாக் கேட்டிருக்குதுடி உங்கக்காவுக்கு!"

"அதச் சொல்லலப்பா" என்றாள் பெரியம்மா.

அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர், சந்தோஷத்தில். "தீபத்தன்னிக்கு அம்மா வூட்டுக்குப் போறேன்னு சொல்ல வந்திருப்பா, விடுக்கா. புது மிஷின். எரைச்சல்ல எது எப்பிடிக் கேட்டுதோ."

என் தாய் தகப்பனை நான் குறை சொல்லவில்லை. நல்லவர்கள். அவர்களுக்கு அன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பெரிதாகத் தெரிந்தது, பெரியம்மாவுக்குக் காது கேட்டுவிட்டது. என்ன கேட்டது என்பது அவர்கள் காதில் ஏறவே இல்லை. அப்பா வெளியே போய், வாசலில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து புழக்கடைக்கு ஒரு ஈ காக்கா வரவில்லை. குழாயடியில் அம்மாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டே கேட்டுவிட்டாள். "இப்பத்தான் கேக்குதா, இல்ல ஆரம்பத்துலருந்தே கேட்டுக்கினு இருந்தாங்களா உங்கக்கா? கொஞ்சம் சொல்லிட்டீன்னா எங்களுக்கும் நல்லதாப் போவும்."

அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். பெரியம்மாவுக்கு இப்போது அழுகை கேட்டது. முறத்தை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டாள். எதிரே பலகை காலியாகக் கிடந்தது. அவளாகவே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியதையும் பார்த்தேன். மாமியார்க்காரி அரைக் கதவைத் திறந்து, "அவ தூங்கறா" என்று சொல்லிச் சாத்தினாள். மறுபடியும் போனாள். "வேலையா இருக்கறா." பெரியம்மா அவள் விட்டுப்போன அரிசியை மடியில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள்.

தீபத்தன்றைக்கு நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் நிற்க இடமில்லை, அவ்வளவு சொந்தம். சாயங்காலம் எல்லாரும் புழக்கடையில் மலையைப் பார்த்துக்கொண்டு, கையில் எண்ணெய் விட்ட அகலோடு நிற்கிறோம். மேலே தீபம் தெரிந்த பிறகுதான் கீழே ஏற்ற வேண்டும். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. வேட்டுச் சத்தம் கிளம்பியது. உச்சியில் ஒரு பொட்டு நெருப்பு. "அண்ணாமலைக்கு அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் கொய்யா மரத்து இலையில் நின்ற மழைத் தண்ணீர் கொட்டியது. பெரியம்மா காதைப் பிடித்துக்கொண்டாள். வலித்திருக்கும், ஆனால் ஒயரைப் பிடுங்கவில்லை. எல்லாரும் மலையைப் பார்க்க, அவள் மட்டும் திரும்பித் தெருப்பக்கம் நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

சந்து நெடுக விளக்கு. எதிர்வீட்டு வாசலில் மட்டும் விளக்கில்லை. மாமியார்க்காரி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "எங்க மருமவ உங்க வூட்டாண்ட வந்தாளா? வெளக்கேத்தலாம்னு கூப்பிட்டேன், ஆளக் காணோம்."

தேடினார்கள். அந்தக் கூட்டத்தில் யாரை எங்கே தேடுவது? மலைப் பாதையில் பார்த்தேன் என்றான் ஒருவன். வேலூர் பஸ்ஸில் அதே புடவை என்றாள் ஒருத்தி. கிணறு, குளம் எல்லாம் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. பெரியம்மா எதிர்வீட்டு வாசலில் நின்று, "தீபத்தன்னிக்கு நான்னு எங்கிட்ட சொன்னா, முன்னமே சொன்னா" என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துச் சொன்னாள். அந்த வீட்டு ஆம்பிளை ஒருவர், "செவிடி பேச்சக் கேட்டுக்கினு நிக்கிறீங்களே, வேலையப் பாருங்க" என்றார். அதுவும் அவளுக்கு நன்றாகக் கேட்டது.

மலைமேல் தீபம் எரிகிற பத்துப் பதினோரு நாளும் அந்த அக்காவைப் பற்றிப் பேசினார்கள். தீபம் அணைந்ததும் பேச்சும் அணைந்துவிட்டது. யாரோடோ ஓடிப்போனாள் என்று முடித்துக்கொண்டார்கள். ஓடித்தான் போயிருக்கட்டும், எங்காவது பேரன் பேத்தியோடு இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு பெரியம்மா மிஷினைக் கழற்றிவிடுவாள் என்று நினைத்தோம். கழற்றவில்லை. சந்துப் பெண்கள் ஒருத்தியும் அவளிடம் திரும்பி வரவில்லை, அப்படியும் கழற்றவில்லை. இப்போது ஒயரை மறைக்கவும் இல்லை, மாராப்புக்கு மேலேயே தொங்கும். மத்தியானமானால் முறத்தோடு காலிப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, சக்கரத்தை முழுக்கத் திருகிவிட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் தலையைச் சாய்த்திருப்பாள். முறத்தில் அரிசி இருக்காது.

"இன்னா பெரிம்மா கேட்டுக்கினு இருக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மீதிய" என்றாள்.

எனக்குக் கல்யாணமாகி நான் அந்தச் சந்திலிருந்து போகிற வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் போன பிறகு அந்தச் சாம்பல் பெட்டி எங்கே போனது என்று தெரியவில்லை. வீடும் போய்விட்டது, அங்கே இப்போது ஒரு லாட்ஜ். கொய்யா மரம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். நான் ஒவ்வொரு தீபத்துக்கும் மலையைப் பார்த்துக் கும்பிடுவேன், உடனே திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துவிடுவேன். யாராவது ஒருத்தி மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாளா என்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

நான் மகனோடு ஊரை ஒட்டின வேங்கிக்காலில் இருக்கிறேன். மருமகள் ஆபீஸ் போகிறவள். சாயங்காலம் வந்ததும் காபித் தம்ளரோடு என் எதிரே உட்காருவாள். கீரையோ மொச்சையோ நடுவில் ஒரு தட்டு இருக்கும். கை உரிக்கும், வாய் பேசும். எனக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியும், கேட்காது என்று எனக்கும் தெரியும். நான் "ம்" போடுவேன். பேசிவிட்டு எழுந்து குக்கரை வைக்கப் போவாள். உங்களிடம் மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது. யாருக்கோ ஒரு சுமையை இறக்கிவைக்க நான் ஒரு இடமாக இருக்கிறேன் என்று ஒரு கர்வம். மிஷின் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்ததற்கு அதுதான் பாதிக் காரணம்.

இந்தக் கார்த்திகை பிறந்ததும், ஒருநாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடாமல் பேசினாள். அழவில்லை. பேசி முடித்து எழுந்தாள். உட்கார்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது அவள் முகம். தட்டைப் பார்த்தேன். உரித்த மொச்சையையே மறுபடியும் எடுத்து எடுத்து விரலால் தேய்த்து வைத்திருந்தாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் வந்து உட்காருவதற்கு முன்னாலேயே எழுந்து ஃபிரிட்ஜ் மேலிருந்த பெட்டியை எடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அத்தனூண்டு மிஷின், ஒயர் கிடையாது, என் நரைமுடிக்குள் யாருக்குத் தெரியும்? கை பெட்டியைத் திறக்கவும் போனது. திறக்கவில்லை.

அவள் காபியோடு வந்து உட்கார்ந்தாள். நான் பெட்டியைத் திறந்து மொச்சைத் தட்டுக்கு நடுவில், அவள் கண்ணுக்கு முன்னால் வைத்தேன்.

"இத நான் போட்டுக்கினா நீ பேசறது எனக்குக் கேக்கும். வேணாம்னா சொல்லும்மா. மேலயே வெச்சிடறேன், எப்பவும்போல உக்காந்து பேசு."

அவள் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது. எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். காபியில் ஏடு படிந்தது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டைச் சுற்றி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். மிஷினை அவளே எடுத்து, அவளே காதில் வைத்தாள். ஊறவைத்த மொச்சை மாதிரி சில்லென்று இருந்தது.

ஃபேன் சத்தம். தெருவில் ஒரு வண்டி. பாலித்தீன் பையோ எதுவோ சரசரவென்று. எல்லாம் ஒரே சமயத்தில் மேலே விழுந்தன. நான் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, ஆனால் பெரியம்மா ஏன் பொத்திக்கொண்டாள் என்று புரிந்தது. அதற்குள் மிகப் பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது. ரொம்ப நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அத்தே" என்றாள் மருமகள். நான் மனதில் வைத்திருந்த குரலைவிட மெலிந்திருந்தது. "முதல்லருந்து சொல்லட்டுங்களா?"

"முதல்லருந்தே சொல்லு" என்றேன், மெதுவாக. தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.